அக்கா வீட்டு வண்டியின் கிளட்ச்

வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறவர்களிடம் மற்ற மெக்கானிக்குகள் என்ன தகராறு என்று கேட்பார்கள். இவர் கேட்பது வேறு. "யார் ஓட்டுறது? எந்த வழியா வர்றீங்க?" இந்த இரண்டுக்கும் பதில் வந்த பிறகுதான் வண்டியின் பக்கமே திரும்புவார். திரும்பியதும் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, மூக்கை அதன்மேல் கொண்டுபோய் ஓர் இழுப்பு இழுப்பார். அதனால் தெருவில் அவருக்கு மோப்பம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் கடைப் பலகையில் இருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை, அவர் மனைவி உட்பட.

கடை என்பது ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடத்தின் கீழே, படிக்கட்டை ஒட்டிய நீளமான அறை. இரண்டு வண்டி உள்ளே நின்றால் மூன்றாவது வண்டிக்காரர் வெளியே நின்றுதான் பேச வேண்டும். சுவர் முழுக்க ஆணி. ஆணி முழுக்கக் கழற்றிப் போட்ட பழைய சாமான்கள். தேய்ந்த பிரேக் கட்டைகள், பல் போன செயின் சக்கரங்கள், கருகிப்போன கிளட்ச் தட்டுகள். பழைய இரும்பு வாங்குகிறவர் வந்து கெஞ்சிப் பார்த்துவிட்டுப் போவார். மோப்பம் ஒரு திருகாணியைக்கூடத் தரமாட்டார். "இதெல்லாம் இரும்பு இல்லப்பா, ஒவ்வொண்ணும் ஒரு ஆளு" என்பார். பிறகு சொல்லத் தொடங்குவார். இந்தக் கட்டைக்காரர் முன்கோபி, முட்டுகிற வரைக்கும் வேகத்தைக் குறைக்கமாட்டார். அந்தச் சக்கரத்துக்காரர் சந்தேகப் பேர்வழி, கியரை மாற்றிவிட்டு மாறிற்றா என்று காலால் இன்னொரு தரம் தட்டிப் பார்ப்பார். கேட்பதற்குச் சுவையாகத்தான் இருக்கும், அது நம்மைப் பற்றியதாக இல்லாத வரைக்கும்.

இந்தக் குணத்தால் அவர் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. ஒருமுறை ஓர் அலுவலகக்காரர் மனைவியோடு வந்து வண்டியை விட்டார். மோப்பம் செயினில் ஒட்டியிருந்த செம்மண்ணை விரலால் தேய்த்துப் பார்த்து, "நீங்க ஆபீசுக்குப் போற வழியில இந்த மண்ணே கிடையாதே. இது குதிரைப் பந்தய மைதானத்துக்குப் பின்னாடி இருக்கிற மண்ணு" என்றார், பச்சைக் குழந்தை மாதிரி. அவருடைய நினைப்பெல்லாம் மண்ணைப் பற்றித்தான். அந்த அம்மாளின் நினைப்பு மண்ணோடு நிற்கவில்லை. பக்கத்துக் கடையில் துணி தேய்க்கிற இஸ்திரிக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உன் மூக்கு என்னைக்காவது ஒரு குடும்பத்தை நடுத்தெருவுல நிறுத்தப்போகுது" என்றார்.

"நான் மண்ணைத்தானே சொன்னேன்?"

"அதைத்தான் நானும் சொல்றேன். தெரிஞ்சதையெல்லாம் சொல்லணும்னு என்ன சட்டமா?"

மோப்பத்தின் அக்கா வீட்டு வண்டி தள்ளிக்கொண்டு வரப்பட்டது இது நடந்து சில நாளில். வண்டியைத் தள்ளியவர் அத்தான். பின்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தவள் அக்கா. அத்தானுக்கு மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் சொந்தமாக ஒரு சலூன். மனிதர் இடது கைக்காரர். அந்த இடது கையில் சவரக் கத்தி நிற்கிற நிதானத்தைப் பார்த்துவிட்டு, மற்ற சலூன்களைத் தாண்டிக்கொண்டு அவரிடம் வருகிறவர்கள் இருந்தார்கள். அக்காவுக்கு அதே கடைவீதியில் ஒரு துணிக்கடையில் வேலை. இருவரும் ஒரே வண்டியில் போய், ஒரே வண்டியில் திரும்புவார்கள்.

"என்னாச்சு?"

"சத்தம் மட்டும் வருது, வண்டி வரல" என்றாள் அக்கா. "பாலத்துல பாதி ஏறியாச்சு. இவர் முறுக்குறார், அது கத்துது, ஆனா வேகம் குறைஞ்சுகிட்டே போகுது. பின்னாடி ஒரு லாரி. அவன் மட்டும் பிரேக் பிடிக்கலேன்னா இந்நேரம் உனக்கு அக்காவும் இல்ல, அத்தானும் இல்ல."

அத்தான் சிரித்தார். "உங்க அக்கா சும்மா பயந்துக்குறா மாப்ளே. லாரி நல்லா தள்ளித்தான் வந்துச்சு."

அக்கா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மோப்பம் வண்டியை எடுத்துக்கொண்டு சமதரையில் ஒரு சுற்றுப் போனார். மேல் கியரில் போட்டு ஒரே முறுக்காக முறுக்கியதும் இன்ஜின் எகிறியது. வண்டியோ கல்யாணத்துக்குக் கிளம்பச் சொன்ன சோம்பேறி மாதிரி மெல்ல அசைந்தது. திரும்பி வந்து முன் சக்கரத்தைச் சுவரில் முட்டுக்கொடுத்து, கியரில் வைத்துக் கைப்பிடியை மெதுவாக விட்டுப் பார்த்தார். நல்ல கிளட்சாக இருந்தால் அந்த இடத்தில் இன்ஜின் திணறி நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை, சுவரை முட்டிக்கொண்டே தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்து முகர்ந்தார். அடிப்பிடித்த பாத்திரத்தின் வாடை வந்தது.

கிளட்சில் பெரிய மாயம் ஒன்றும் இல்லை. வட்டத் தட்டுகள் சில அடுக்காக நின்று, ஸ்பிரிங் அழுத்தத்தில் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கும். அந்தப் பிடியில்தான் இன்ஜினின் சுற்று சக்கரத்துக்குப் போகிறது. கைப்பிடியை இழுத்தால் வயர் அந்த அழுத்தத்தை விலக்கும், தட்டுகள் பிரியும்; விட்டால் சேரும். சரியாகச் சேராமல் வழுக்கினால் இன்ஜின் கத்தும், சக்கரம் காதில் போட்டுக்கொள்ளாது. மோப்பம் இதை யாருக்கு விளக்கினாலும் உள்ளங்கைகள் இரண்டையும் சேர்த்து அழுத்திக் காட்டுவார். "இறுக்கிப் பிடிச்சா குடும்பம், வழுக்கினா கோர்ட்டு." அன்றும் காட்டினார். வழக்கமாகச் சிரிக்கிற அக்கா சிரிக்கவில்லை.

திறந்து பார்த்தால் தட்டுகள் கருகியிருந்தன. இடையில் இருக்கும் இரும்புத் தகடுகள் சூட்டில் நீலம் பாய்ந்து கிடந்தன. எல்லாவற்றையும் புதிதாக மாற்றினார். எண்ணெயையும் மாற்றினார். கடைசியாகக் கைப்பிடியைச் சரிசெய்தார். கிளட்சை இழுக்கும்போது முதலில் கொஞ்ச தூரம் கைப்பிடி சும்மா வர வேண்டும். அந்தச் சும்மாவுக்குப் பிளே என்று பெயர். ஒரு காசின் கனம் இருந்தால் போதும். அதுவும் இல்லாமல் வயர் விறைத்து நின்றால், யாரும் கைப்பிடியைத் தொடாதபோதே தட்டுகள் பாதி பிரிந்துதான் கிடக்கும். வழுக்கி வழுக்கிக் கருகும். இந்த அளவை மோப்பம் கண்ணைக் கட்டிவிட்டாலும் வைப்பார்.

சில வாரத்தில் வண்டி திரும்பி வந்தது. அதே பாலம், அதே கத்தல். கைப்பிடியில் பிளே துளியும் இல்லை.

மோப்பத்துக்கு முகத்தில் ஈயாடவில்லை. தான்தான் ஏதோ கவனப்பிசகாக வைத்துவிட்டோம் என்று மறுபடி தட்டு மாற்றி, மறுபடி அளவு வைத்து, ஒன்றுக்கு இரண்டு முறை ஓட்டிப் பார்த்து அனுப்பினார். அதுவும் திரும்பி வந்தது. இஸ்திரிக்காரருக்கு இது போதாதா? வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "அக்கா வீட்டு வண்டிக்கே வைத்தியம் தெரியல, ஊர் வண்டிக்கு நாடி பிடிக்கிறார்" என்று துணியைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அந்தப் பாலத்தின் ஏற்றமும் பின்னால் வந்த லாரியும் மோப்பத்தின் கண்ணை விட்டுப் போகவில்லை.

முதலில் எண்ணெயின் மேல் சந்தேகம் வந்தது. காருக்கு ஊற்றுகிற வழவழப்பான எண்ணெயை இந்த வண்டிக்கு ஊற்றினால் தட்டுகள் வழுக்கும். "வேற எங்கயாவது ஆயில் ஊத்தினீங்களா அத்தான்?" என்று கேட்டார். "ஷாம்பு ஊத்தினேன் மாப்ளே, நுரை வருதான்னு பாரு" என்றார் அத்தான். விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். எண்ணெய் தான் ஊற்றியதேதான். அடுத்து விரல்களின் மேல் சந்தேகம். சிலருக்குக் கிளட்ச் கைப்பிடியின் மேலேயே விரலை வைத்துக்கொண்டு ஓட்டுகிற பழக்கம் உண்டு. அந்தப் பாரமே போதும் தட்டைத் தின்ன. அதைப் பார்த்துவிட வேண்டும் என்று ஒருநாள் காலையில் அத்தானின் பின்னால் ஏறிக்கொண்டு, அவர் தோளுக்கு மேல் கழுத்தை நீட்டியபடி சலூன் வரைக்கும் போனார். சிக்னலில் நின்ற பக்கத்து வண்டிக்காரர், நாற்பது தாண்டிய இரண்டு ஆண்கள் இப்படி ஒட்டிக்கொண்டு போவதைச் சுவாரசியமாகப் பார்த்தார்.

அத்தானின் விரல்கள் கைப்பிடியின் மேல் இல்லை. ஆனால் வண்டி நிற்கிற இடத்திலெல்லாம் அவர் இடது கையை எடுத்து, தண்ணீர் உதறுவது போல உதறினார்.

"ஏன் உதறுறீங்க?"

"காத்து வாங்குறேன். அதுக்கும் உன்கிட்ட கேக்கணுமா?"

சரிதான் என்று விட்டுவிட்டார். ஊர் மண்ணையெல்லாம் மோந்து பார்க்கிறவருக்கு அக்கா புருஷனின் கை அப்போது கண்ணில் படவில்லை. கண்ணில் இருந்ததெல்லாம் வயர்.

மூன்றாம் முறை தட்டு மாற்றியபோது யாரிடமும் சொல்லாமல் ஒரு வேலை செய்தார். கைப்பிடிக்குப் பக்கத்தில், வயரைக் கூட்டிக் குறைக்க ஒரு சிறிய திருகு இருக்கும். அதற்கு ஸ்பேனர்கூட வேண்டாம், விரலாலேயே திருகலாம். அந்தத் திருகின் மேலும் அதைப் பூட்டுகிற வளையத்தின் மேலும் சேர்த்து, ஊசி முனையால் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்தார். திருகு அசைந்தால் கோடு இரண்டாகப் பிரியும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், சலூன் திறக்கும் முன், அக்கா வீட்டுக்குச் சும்மா வந்தது போல வந்து, வாசலில் நின்ற வண்டியின் முன் குனிந்தார்.

கோட்டின் ஒரு பாதி மேலே இருந்தது. மறு பாதி திருகின் அடிப்பக்கத்துக்குப் போயிருந்தது.

மோப்பத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு இந்தத் தொழிலில் மட்டும்தான் கிடைக்கும். தட்டு தேய்ந்தாலும் வயர் மெல்ல மெல்ல இறுகும், அது உண்மை. ஆனால் அப்போது கோடு நகராது. ஓட்டத்தின் அதிர்ச்சியில் திருகு தானாகக் கழன்றால் கோடு நகரும், ஆனால் வயர் தொளதொளவென்று ஆகும். இங்கே கோடும் நகர்ந்திருக்கிறது, வயரும் விறைத்திருக்கிறது. அப்படியானால் யாரோ வேண்டுமென்றே இறுக்கியிருக்கிறார்கள். யார்? அதைவிட, எதற்கு? ஒரு வண்டியைக் கெடுக்க நினைப்பவனுக்கு ஆயிரம் வழி இருக்கிறது. இவ்வளவு பொறுமையாக, விரல் நுனியால், வாரம் கொஞ்சமாகக் கெடுப்பவன் யார்?

உள்ளே அத்தான் கூடத்தில் படுத்திருந்தார். தலையணையும் போர்வையும் மடித்து அவர் பக்கத்திலேயே இருந்தன.

"அத்தான், கிளட்ச் திருகை யாராவது தொட்டாங்களா?"

"எனக்கு ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாது. என்னைப் போய்க் கேக்குறியே" என்று சிரித்தார். அதற்கு ஸ்பேனர் தேவை என்று மோப்பம் சொல்லவே இல்லை.

சமையலறைக்குப் போனார். அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு ஏதாவது தெரியுமா அக்கா?"

"எனக்கு என்னடா தெரியும்? உங்க அத்தான் எதை என்கிட்ட சொல்றார்? கேட்டா சிரிப்பு. அதுக்கு மேல கேட்டா கூடத்துல போய்ப் படுத்துக்குறது. நீ வண்டியைப் பாரு, என்னை விடு." கத்தி பலகையில் கொஞ்சம் ஓங்கியே விழுந்தது.

மோப்பம் வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். திருகைத் தொடவில்லை. இருந்த இருப்பிலேயே வண்டியை எடுத்துத் தெருவைச் சுற்றினார். யார் இறுக்கினார்கள் என்று கேட்டுப் பயன் இல்லை. இறுக்கியதால் என்ன லாபம் என்று கேட்டுப் பார்க்கலாம் என்பது அவர் கணக்கு. கியர் மாற்றக் கைப்பிடியைத் தொட்டார். தொட்டதுமே தட்டுகள் பிரிந்துவிட்டன. முழுக்க இழுக்க வேண்டியதே இல்லை. நுனியில் இரண்டு விரலால் லேசாகச் சொல்லிவைத்தாலே போதும். மறுபடி மாற்றினார், மறுபடி. கைக்கு வேலையே இல்லை. அட, சுகமாகத்தான் இருக்கிறது என்று நினைத்தவர் அந்த நினைப்பிலேயே வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார்.

இழுக்க முடியாத கைக்குத்தான் இந்தச் சுகம் வேண்டும்.

சிக்னலில் உதறிய கை ஞாபகம் வந்தது. அது இடது கை, கத்தி பிடிக்கிற கை. மோப்பத்தின் சிலிர்ப்பெல்லாம் அடங்கிவிட்டது. தெரிந்துகொண்டது பிடிக்காமல் போனது அவருக்கு அன்றுதான் முதல் முறை.

ஆனாலும் ஊகம் ஊகம்தானே. மறுநாள் மதியம், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துச் சலூனுக்குப் போனார். ஒரே அறை, மூன்று நாற்காலி, எதிரும் புதிருமாகக் கண்ணாடி. அத்தான் செய்தித்தாளை வைத்துவிட்டு எழுந்தார்.

"வா மாப்ளே. மெஷின் போட்டு விட்டுடறேன், தாடியெல்லாம் இப்ப யாரும் மழுங்கச் சிரைக்கிறது இல்ல."

"எனக்கு மழுங்கத்தான் வேணும். கத்தியாலயே செய்ங்க."

அத்தான் கண்ணாடி வழியாக அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு துண்டைப் போர்த்தினார், நுரை தடவினார். எல்லாம் வலது கையால். இழுப்பறையிலிருந்து கத்தியை எடுத்தபோதுதான் இடது கை வந்தது. புது பிளேடைச் செருகக் கட்டைவிரலால் அழுத்தினார். பிளேடு செருகாமல் மேசையில் விழுந்தது. எடுத்தார், மறுபடி விழுந்தது. மூன்றாவது முறை அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொருத்திவிட்டு, மோப்பத்தின் தலையைச் சாய்த்து, கன்னத்துக்குப் பக்கத்தில் கத்தியைக் கொண்டுவந்தார்.

கத்தி கன்னத்தைத் தொடவில்லை. அங்கேயே நின்றது. முன்பு ஊரே மெச்சிய நிதானம் அதில் இல்லை. மோப்பம் மல்லாந்தபடி அதைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பயமாக இருந்தது. பயந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. எழுந்துகொள்ளலாம். எழுந்தால் அத்தானுக்கு அதைவிடப் பெரிய வெட்டு வேறு இல்லை. அதனால் அசையாமல் கிடந்தார்.

அத்தான்தான் கத்தியைக் கீழே வைத்தார்.

"எப்படித் தெரிஞ்சுது?"

"கிளட்ச் சொல்லிச்சு."

அத்தான் போய்க் கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நுரை தடவிய முகத்தோடு ஒருவரும் நுரை இல்லாமல் ஒருவரும் எதிர்க் கண்ணாடியைப் பார்த்தபடிதான் பேசினார்கள். நேருக்கு நேர் பார்த்துப் பேசியிருந்தால் பேச்சு வந்திருக்காது.

"மொதல்ல ராத்திரி மட்டும் மரத்துப்போகும். உதறினா சரியாயிடும். அப்புறம் பகல்லயும் ஆரம்பிச்சிடுச்சு. கிளட்ச் இழுத்தா மணிக்கட்டு விண்ணுனு தெறிக்கும். அந்தத் திருகைக் கொஞ்சம் திருப்பினா இழுக்க லேசா இருக்குன்னு ஒருநாள் தற்செயலா கண்டுபிடிச்சேன். வண்டிக்குக் கெடுதல்னு எனக்குத் தெரியாது மாப்ளே. சத்தியமா தெரியாது."

"மூணு தடவை தட்டு மாத்தினேனே?"

"அது நீ வாங்கின தட்டு சரியில்லைன்னு நெனச்சேன்."

மோப்பத்துக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. கோபம்தான் முந்திக்கொண்டது. "பின்னாடி என் அக்காவை உக்கார வெச்சுக்கிட்டு அந்தப் பாலத்துல ஏறுறீங்க. ஒரு டாக்டர்கிட்ட காட்டுறதுக்கு என்ன கேடு?"

"காட்டினா கத்தியைத் தொடாதேன்னு சொல்வார். சொன்னா நாலு பேருக்குத் தெரியும். போன மாசம் ஒருத்தருக்குக் காதோரம் கீறிடுச்சு. பரு இருந்துச்சுன்னு சொல்லிச் சமாளிச்சேன்." அத்தான் தன் இடது கையை மடியில் வைத்துப் பார்த்தார். "நம்ம தொழில்ல ஆளுங்க கழுத்தை நீட்டுறாங்க மாப்ளே. கை நடுங்குதுன்னு ஒரு வார்த்தை வெளிய போனா அப்புறம் யார் நீட்டுவா? நீ மூச்சு விடாதே. உங்க அக்காகிட்ட முக்கியமா."

மோப்பம் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு வெளியே போனார். குதிரைப் பந்தய மைதானத்து மண்ணை யோசிக்காமல் சொன்ன வாய்க்கு, இப்போது சொன்னாலும் தப்பு, சொல்லாவிட்டாலும் தப்பு என்று ஆகிவிட்டது. சொன்னால் அத்தான் முகத்தில் விழிக்க முடியாது. சொல்லாவிட்டால் அக்கா நாளைக்கும் அந்தப் பாலத்தில் ஏறுவாள். அவருக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான் இருந்தது. வாசலில் நின்ற வண்டியின் திருகைப் பிடித்து, பிளே சரியான அளவுக்கு வருகிற வரை தளர்த்தினார். பூட்டு வளையத்தை இறுக்கினார்.

"அத்தான், இங்க வாங்க. இதுதான் அளவு. இப்படி இருந்தா கிளட்ச் வழுக்காது, அக்காவும் பத்திரம். இதை இழுத்து ஓட்ட முடிஞ்சா நீங்களே ஓட்டிட்டுப் போங்க. நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லல."

அத்தான் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். இடது கையால் இழுத்தார். கைப்பிடி பாதி வந்து நின்றது. முகம் சுளித்து மறுபடி இழுத்தார், அதே பாதி. யாரும் பார்க்கவில்லையே என்று தெருவை ஒருமுறை பார்த்துவிட்டு வலது கையையும் சேர்த்து இழுத்தார். முழுக்க வந்தது. இரண்டு கையும் கிளட்சில் இருந்தால் முறுக்குவது எந்தக் கை என்று மோப்பம் கேட்கவில்லை. இஸ்திரிக்காரர் இருந்திருந்தால் கேட்டிருப்பார்.

அத்தான் கைப்பிடியை விட்டுவிட்டுப் பின் இருக்கைக்கு நகர்ந்தார்.

"நீ ஓட்டு. உங்க அக்காகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

பாலத்தின் ஏற்றத்தில் வண்டி திணறாமல் ஏறியது. முறுக்கிய அளவுக்குச் சக்கரம் கேட்டது. மோப்பம் அதைச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டார்.

அக்காவுக்கு அன்று விடுமுறை. மாடியில் காய்ந்த துணிகளைக் கூடத்தில் கொட்டி மடித்துக்கொண்டிருந்தாள். கடை நேரத்தில் இருவரும் ஒன்றாக வந்து நின்றதைப் பார்த்ததும் கையில் இருந்த சட்டையை அப்படியே பிடித்துக்கொண்டு, "யாருக்கு என்ன?" என்றாள்.

அத்தான் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. பிறகு சொன்னார், மரத்துப்போனதிலிருந்து திருகியது வரை, காதோரக் கீறல் உட்பட. கத்தி இனிமேல் முடியுமோ முடியாதோ தெரியவில்லை என்று முடித்தார். மோப்பம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா போடப்போகும் சண்டைக்கு அவர் தயாராகத்தான் வந்திருந்தார்.

"கைதானா?" என்றாள் அக்கா.

இருவருக்கும் புரியவில்லை.

"கைதானா இவ்வளவும்?" அவள் துணிக் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "மாசா மாசம் எனக்குத் தலைக்குச் சாயம் பூசி, நுனி வெட்டிவிட்ட மனுஷன், திடீர்னு நிறுத்திட்டீங்க. கேட்டா நேரமில்ல. கூடத்துல போய்ப் படுத்துக்கிட்டீங்க, கேட்டா புழுக்கம். எனக்கு வயசாயிடுச்சு, என்னைத் தொடவே பிடிக்கலைன்னு நான்..." மேலே சொல்ல முடியாமல் கையில் இருந்த சட்டையாலேயே கண்ணைத் துடைத்தாள். "தம்பி முன்னாடி வெச்சு என்னைச் சொல்ல வெச்சுட்டீங்க பாருங்க."

"ராத்திரி உதறிக்கிட்டே இருந்தேன். உன் தூக்கம் கெடுமேன்னுதான்..." என்றார் அத்தான்.

"என் தூக்கம் ரொம்ப நல்லா இருந்துச்சு போங்க."

பிறகு அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வண்டிக்காரர்களைத் தம்பி விசாரிக்கிற அதே குரலில், "எந்தெந்த விரல் மரத்துப்போகுது?" என்று கேட்டாள். அத்தான் தெரியவில்லை என்பது போலப் பார்த்தார். அவளே அவர் இடது கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கட்டைவிரல் நுனியைக் கிள்ளினாள்.

"இது?"

"தெரியல."

"இது?"

"ம்ஹூம்."

"நடுவிரல்?"

"பஞ்சு சுத்தினாப்ல இருக்கு."

மோதிர விரலின் ஒரு பக்கம் தெரிந்தது, மறு பக்கம் தெரியவில்லை. மோப்பத்துக்கு இது ஏன் என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. நாளைக்கு டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று அடக்கிக்கொண்டார். கடைசியாகச் சுண்டுவிரலைக் கிள்ளினாள்.

"இது?"

"ஆ, வலிக்குது" என்றார் அத்தான்.

அக்கா அந்த விரலை விடவில்லை. அதைப் பிடித்துக்கொண்டே தம்பியைப் பார்த்து, காலையில் கடையைத் திறக்காதே, ஆஸ்பத்திரிக்கு நீதான் ஓட்ட வேண்டும் என்றாள்.